மீண்டவர்களுக்கு ஒரு பணி கொடுங்கள்: சிங்கப்பூர் இந்தியச் சமூக அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

ஆலய நிர்வாகக் குழுக்களிலும், சமூக மன்றங்களின் இந்திய நற்பணிச் செயற்குழுக்களிலும், தமிழ் அமைப்புகளிலும், சிண்டா எனப்படும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம், இந்து அறக்கட்டளை வாரியம் போன்ற பெரிய நிறுவனங்களிலும் பொறுப்பு வகிக்கும் உங்கள் அனைவரிடமும் ஒரே ஒரு கோரிக்கையை முன்வைக்க இம்மடலை எழுதுகிறேன். மதுவிலிருந்தோ போதைப்பொருளிலிருந்தோ சூதாட்டத்திலிருந்தோ மீண்டு, பல ஆண்டுகளாக நிலையாக வாழ்ந்துவரும் நம்மவர்களைத் தேர்ந்தெடுத்து, முறையான பயிற்சி அளித்து, ஊதியமும் கொடுத்து, இன்று அதே நோயில் சிக்கியிருப்பவர்களுக்குத் துணையாக அமர்த்துங்கள் என்பதே அந்தக் கோரிக்கை.

மீண்டவர்களான எங்களை இப்போதும் நீங்கள் அழைக்காமல் இல்லை. போதை ஒழிப்பு விழிப்புணர்வு நிகழ்ச்சிகளில் எங்களில் ஒருவர் மேடையேறித் தம் கதையைச் சொல்கிறார், அவையோர் கண்கலங்குகிறார்கள், பொன்னாடை போர்த்தப்படுகிறது, நிகழ்ச்சி முடிந்து உணவு பரிமாறப்படுகிறது. அந்த அழைப்பில் உள்ள நல்லெண்ணத்தை நான் மதிக்கிறேன். ஆனால், அந்தக் கதையைக் கடைசி வரிசையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்த ஒருவர், ‘எனக்கும் இதுதான் நடக்கிறது’ என்று முதன்முறையாக உணர்ந்திருக்கக்கூடும். அவரிடம் மறுநாள் காலை பேசப்போவது யார்? அடுத்த சம்பள நாளன்று மாலை அவருடன் இருக்கப்போவது யார்? மேடையில் பேசியவருக்கு அப்படி ஒருவர் அரங்கில் இருந்ததே தெரியாது. எங்கள் அனுபவத்தின் பெரும்பயன் அங்கேதான் வீணாகிறது.

நானும் குடிநோயிலிருந்து மீண்டு வாழ்பவன். பல ஆண்டுகளாக மதுவைத் தொடாமல், அதே நோயுள்ள மற்றவர்களுடன் வாரந்தோறும் ஒரு கூட்டத்தில் அமர்ந்து வருகிறேன். அக்கூட்டத்தின் மரபுப்படி உறுப்பினர்கள் ஊடகங்களில் தங்கள் பெயரை வெளியிடுவதில்லை. இம்மடலில் என் பெயர் இல்லாததற்கு அதுவே காரணம், வெட்கம் காரணமில்லை.

நம் நாட்டில் சிகிச்சைக்கு வழியில்லை என்று சொல்ல நான் வரவில்லை. புவாங்கோக்கில் உள்ள மனநலக் கழகத்தில், அடிமைப்பழக்கங்களுக்கென்றே ஒரு தேசியச் சிகிச்சைச் சேவை 2008 முதல் இயங்கி வருகிறது. சானா என்று நாம் அறிந்த போதைப்பொருள் ஒழிப்புச் சங்கம் 1972இல் தொடங்கப்பட்டது. சிறையிலிருந்து திரும்புவோரை ஏற்றுக்கொள்ளும்படி மஞ்சள் நாடா இயக்கம் 2004 முதல் சமூகத்தைக் கேட்டுக்கொண்டு வருகிறது. இந்து அறக்கட்டளை வாரியம் நடத்தும் ஆசிரமம் என்ற மறுவாழ்வு இல்லம், நம்மவர்கள் பலருக்கு வெளியுலகுக்குத் திரும்பும் முதல் வாசலாக இருந்திருக்கிறது. மருத்துவர்கள் இல்லாவிட்டால் நான் இன்று உயிரோடு இருந்திருக்க மாட்டேன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆயினும் ஒரு மருத்துவச் சந்திப்புக்கும் அடுத்த சந்திப்புக்கும் இடையே வாரக்கணக்கில் இடைவெளி இருக்கிறது. நோயாளி தனியாக விடப்படும் அந்த இடைவெளியில்தான் நோய் மீண்டும் கால் ஊன்றுகிறது.

வாசல்வரை வராதவர்களின் நிலை இதைவிடக் கடினமானது. மனநலக் கழகம் 2016இல் நடத்திய தேசிய அளவிலான ஆய்வின்படி, சிங்கப்பூரில் 24 பேரில் ஒருவர் தம் வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் மதுவைத் தவறாகப் பயன்படுத்தும் நிலைக்கு ஆளாகிறார். மனநலப் பாதிப்புக்கு உள்ளானவர்களில் முக்கால்வாசிக்கும் மேற்பட்டோர் எந்த நிபுணரிடமும் உதவி நாடவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரியவந்தது. நம் சமூகத்தில் இந்தத் தயக்கத்துக்கு மேலும் ஒரு கனம் உண்டு. ‘குடும்ப மானம்’ என்ற ஒன்றுக்காக மனைவி மறைக்கிறார், தாயார் மறைக்கிறார், பிள்ளைகளும் மறைக்கக் கற்றுக்கொள்கிறார்கள்.

அனுபவம் எதைத் தருகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். ‘பட்டவனுக்குத்தான் தெரியும்’ என்ற ஒரு வரியோடு பேச்சு வழக்கமாக முடிந்துவிடுகிறது. பட்டவனுக்கு என்ன தெரியும் என்று யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை.

குடிப்பவரிடம் ‘எவ்வளவு குடிக்கிறீர்கள்?’ என்று கேட்டால், ‘எப்போதாவது இரண்டு பியர்’ என்பார். அவர் உங்களை ஏமாற்ற நினைப்பதைவிடத் தம்மையே ஏமாற்றிக்கொள்வதுதான் அதிகம். அந்த நோயைக் கடந்து வந்தவர் அளவைப் பற்றிக் கேட்பதே இல்லை. காலையில் பல் துலக்கும்போது குமட்டுகிறதா, கையெழுத்துப் போடும்போது கை நடுங்குகிறதா, முதல் மிடறு உள்ளே போனதும் அந்த நடுக்கம் நிற்கிறதா என்று கேட்பார். இந்தக் கேள்விகளுக்குப் பொய் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றாது. ஏனெனில், கேட்பவருக்கு விடை ஏற்கெனவே தெரியும் என்பது கேள்வியிலேயே புரிந்துவிடுகிறது. அதோடு, இது உயிர் காக்கும் கேள்வியும்கூட. காலை நடுக்கம் வரும் அளவுக்கு உடல் மதுவுக்குப் பழகிப்போன ஒருவர், வீட்டாரின் கட்டாயத்தால் ஒரே நாளில் குடியை நிறுத்தினால், முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பும், அதன்பின் மனக்குழப்பமும் மாயத்தோற்றங்களும் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்து நேரலாம். ‘இன்றே நிறுத்து’ என்று சத்தியம் வாங்கும் உறவினர்களுக்கு இது தெரியாது. பயிற்சி பெற்ற ஒரு மீண்டவர், ‘இன்றே நிறுத்த வேண்டாம், இன்றே மருத்துவரைப் பார்ப்போம், நானும் உடன் வருகிறேன்’ என்று சொல்வார்.

இன்னொன்று, நம்மவர்களிடையே மட்டுமே புரியக்கூடியது. புரட்டாசி மாதம் முழுவதும் புலாலையும் மதுவையும் விட்டுவிடுபவர்கள் நம்மிடையே ஏராளம். ஐயப்பனுக்கு மாலை அணிந்து 41 நாள்கள் விரதம் இருப்பவர்களும், காவடிக்காகவும் தீமிதிக்காகவும் நோன்பு இருப்பவர்களும் உண்டு. அந்த நாள்களில் சொட்டு மதுவும் தொடாத ஒருவர், ‘நான் அடிமையாக இருந்தால் இப்படி விட முடியுமா?’ என்று கேட்கிறார். கேள்வி நியாயமாகத்தான் படுகிறது. மனைவியும் அதை நம்புகிறார், ஆலோசகரும் சில வேளைகளில் குழம்பிப்போகிறார். நாங்கள் குழம்ப மாட்டோம், ஏனெனில் எங்களில் பலர் அதே விரதத்தை அதே பெருமையோடு இருந்தவர்கள். எத்தனை நாள் விட்டீர்கள் என்று நாங்கள் கேட்பதில்லை. விரதம் முடியும் தேதியை எத்தனை நாள் முன்பிருந்தே எண்ணத் தொடங்கினீர்கள், மாலையைக் கழற்றியபின் முதலில் எங்கே சென்றீர்கள் என்று கேட்போம். விரதத்தைக் குறை சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். இறைவனுக்குச் செய்யும் நேர்த்தி, சிலருக்கு மீட்சியின் தொடக்கமாகவே அமைந்திருக்கிறது. ஆனால் அந்த நேர்த்திக்குப் பிந்திய நாளுக்கு ஒரு துணை வேண்டும். ஆலயத்தை விட அதற்கேற்ற இடம் வேறெது?

எந்த நேரம் ஆபத்தானது என்பதும் எங்களுக்குத் தெரியும். வேலை முடிந்து வரும் மாலைப்பொழுது, சம்பள நாள், துக்க வீட்டின் இரவு, திருமண வரவேற்பு நடக்கும்போது மண்டபத்துக்கு வெளியே கார் நிறுத்துமிடத்தில் கூடும் நண்பர் கூட்டம், தீபாவளிக்கு முந்திய வாரம் என இவற்றுக்கு ஓர் அட்டவணையே போடலாம். குடிக்க வேண்டும் என்ற வேட்கை எழும்போது அது என்றென்றும் நீடிக்கும் என்றே மனம் நம்புகிறது. உண்மையில் அது பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடுகிறது. அந்த அரை மணி நேரம் தொலைபேசியின் மறுமுனையில் ஒருவர் இருந்தால் போதும். அறிவுரை தேவையில்லை, ‘சாப்பிட்டீர்களா? இப்போது எங்கே நிற்கிறீர்கள்? அங்கிருந்து பேருந்து நிறுத்தம் வரை நடந்துகொண்டே பேசுங்கள்’ என்பது போதும். அலுவலக நேரத்தில் இயங்கும் எந்தச் சேவையும் இதைச் செய்ய இயலாது. அது அவர்களின் குறையும் இல்லை.

மீண்டும் குடித்துவிட்ட ஒருவரை எப்படி எதிர்கொள்வது என்பதில் அனுபவத்தின் மதிப்பு இன்னும் தெளிவாகத் தெரியும். வீட்டாருக்கு அது நம்பிக்கைத் துரோகம். குடித்தவருக்கோ அது, தாம் தேற மாட்டோம் என்பதற்குக் கிடைத்த இறுதிச் சான்று. இரு தரப்பாரும் அந்த இரவே எல்லாம் முடிந்துவிட்டதாக எண்ணுகிறார்கள். எங்களுக்கு அது நோயின் ஒரு கட்டம். வருந்தத்தக்கது, ஆனால் திரும்பி வரக்கூடியது. ஹெராயின் பழக்கம் உள்ளவர்களிடம் இங்கே ஒரு கூடுதல் எச்சரிக்கையும் சொல்லப்பட வேண்டும். மறுவாழ்வு நிலையத்திலோ சிறையிலோ நீண்ட காலம் இருந்துவிட்டு வந்தவரின் உடல், முன்பு தாங்கிய அளவை இப்போது தாங்காது. பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடக்கூடும். விடுதலையான முதல் வாரங்களில் இதை வெளிப்படையாகச் சொல்ல, அந்த வாழ்க்கையை அறிந்த ஒருவரால்தான் கூச்சமின்றி முடியும்.

இந்தச் சிந்தனை புதியதன்று. 1935ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் உள்ள அக்ரன் நகருக்குத் தொழில் நிமித்தமாகச் சென்ற, குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்த பில் வில்சன் என்ற வணிகர், போன காரியம் தோல்வியுற்று, தங்கியிருந்த விடுதியின் மதுக்கூடம் தம்மை அழைப்பதை உணர்ந்தபோது, தாம் குடிக்காமல் இருக்க வேண்டுமானால் இன்னொரு குடிநோயாளியிடம் பேசியாக வேண்டும் என்று தெளிந்து, தொலைபேசியில் தேடத் தொடங்கினார். அப்படிக் கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர். மருத்துவரான அவருக்கு மதுவின் கேடுகளைப் பற்றி யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. அதுவரை யாரும் கொடுக்காத ஒன்றை, அதே நோயுள்ள அந்த வணிகர் கொடுத்தார். அந்த மருத்துவர் மதுவை முற்றாக விட்ட 1935 ஜூன் 10ஆம் தேதியே குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தின் தொடக்க நாளாகக் கருதப்படுகிறது. உதவி செய்பவரும் அந்த உதவியால் பயனடைகிறார் என்பதை ஃபிராங்க் ரீஸ்மன் என்ற அறிஞர் 1965இல் ஒரு கோட்பாடாகவே எழுதினார். 27 ஆய்வுகளையும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களையும் கணக்கில் எடுத்த மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2020ஆம் ஆண்டு மதிப்பாய்வு, நோயாளிகளை அந்த இயக்கத்துடன் முறையாக இணைக்கும் சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமல் இருப்பதற்கு ஏனைய சிகிச்சைகளைவிடக் கூடுதலாக உதவியது என்று கண்டது. ஊதியம் பெறும் சக ஆதரவாளர்கள், அதாவது அதே நோயைக் கடந்து வந்து உதவுபவர்கள், பற்றிய சான்றுகள் அந்த அளவுக்கு இன்னும் திரளவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அதனால்தான் கவனமாகத் தொடங்கும்படி கேட்கிறேன்.

அனுபவம் மட்டுமே போதும் என்று யாராவது உங்களிடம் சொன்னால், அதை ஏற்காதீர்கள். இதை எங்களவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். தாம் சென்ற பாதை ஒன்றே பாதை என்று நம்பும் மீண்டவர், மற்றவருக்குத் தீங்கு செய்யக்கூடும். பக்தியால் மீண்டவர் மருந்தை இகழ்கிறார்; மன உறுதியால் மீண்டவர் கூட்டங்களை இகழ்கிறார். நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் குடிவேட்கையைக் குறைத்து எத்தனையோ பேருக்கு உதவுகின்றன. அவற்றை ஊன்றுகோல் என்று ஏளனம் செய்ய எவருக்கும் உரிமையில்லை. உதவி பெறுபவருக்குக் கடன் கொடுப்பது, அவருடைய குடும்பச் சண்டையில் தீர்ப்புச் சொல்வது, கேட்ட ரகசியத்தை நல்லெண்ணத்தோடு மூன்றாமவரிடம் பகிர்வது ஆகியவை எல்லாம் பயிற்சி இல்லாத அன்பினால் நேர்பவை. தற்கொலை எண்ணம் வெளிப்பட்டால் உடனே யாரை அழைப்பது என்று தெரியாத ஒருவரை இப்பணியில் அமர்த்தக் கூடாது. ஆகவே பயிற்சியும், அனுபவமுள்ள ஓர் ஆலோசகரின் தொடர்ந்த மேற்பார்வையும், போதிய காலம் நிலைத்த மீட்சியும் இதற்குத் தகுதிகளாக இருக்க வேண்டும். மனநல அனுபவம் உள்ளவர்களைச் சக ஆதரவு வல்லுநர்களாக உருவாக்கும் பயிற்சித் திட்டத்தைத் தேசிய சமூக சேவை மன்றம் 2016இலேயே தொடங்கியது. வழிமுறை நம் நாட்டிலேயே இருக்கிறது.

‘அவரே மீண்டும் குடித்துவிட்டால் அமைப்பின் பெயர் என்னாவது?’ என்ற கேள்வி உங்கள் மனத்தில் எழும் என்பது எனக்குத் தெரியும். அது நடக்கலாம். இருதயக் கோளாறு உள்ள ஓர் ஊழியருக்கு மீண்டும் நெஞ்சுவலி வந்தால் எப்படி விடுப்பும் சிகிச்சையும் கொடுத்து, அவர் பார்த்த வேலையை இன்னொருவரிடம் ஒப்படைப்பீர்களோ, அப்படியே இதற்கும் முன்கூட்டியே ஏற்பாடு செய்து வையுங்கள். அவர் உதவிவந்தவர்களிடம் உண்மையை மறைக்காமல் சொல்லுங்கள். மறைத்தால்தான் அமைப்பின் பெயர் கெடும்.

போதைப்பொருளைப் பொறுத்தவரை நம் சட்டம் கடுமையானது என்பதை மறந்து இதைப் பேச முடியாது. போதைப்பொருளுக்கு அடிமையானவர் என்று சந்தேகிக்கப்படும் ஒருவரைப் பற்றி மருத்துவர் ஏழு நாள்களுக்குள் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். இதை அரைகுறையாகக் கேள்விப்பட்டவர்கள் மருத்துவமனைப் பக்கமே போவதில்லை. மறுவாழ்வு நிலையத்தில் சேர்க்கப்படுவது குற்றப்பதிவு ஆகாது என்பதும், 2019இல் செய்யப்பட்ட திருத்தங்களுக்குப் பிறகு, வேறு குற்றம் இழைக்காமல் போதைப்பொருளை உட்கொண்டது மட்டுமே செய்தவர்கள் பெரும்பாலும் நீண்ட சிறைத்தண்டனைக்குப் பதிலாக மறுவாழ்வுக்கு அனுப்பப்படுகிறார்கள் என்பதும், அதன்பின் ஐந்தாண்டுகள் வரை கண்காணிப்பு உண்டு என்பதும் பல குடும்பங்களுக்குத் தெரியாது. அந்தக் கண்காணிப்புக் காலத்தை வாழ்ந்து முடித்த ஒருவர், போதைப்பொருள் சோதனை நாள்களுக்கு முதலாளியிடம் எப்படி விடுப்புக் கேட்பது என்பது முதற்கொண்டு சொல்லித் தருவார். போதைப்பொருள் புழங்கிப் பிடிபடுவோரில் இந்தியர்களின் விகிதம், நமது மக்கள்தொகைப் பங்கைவிடக் கூடுதலாகவே இருந்து வருகிறது. இது நம் வீட்டுப் பிரச்சினை.

தமிழகத்திலிருந்து வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். 2013 டிசம்பர் 8ஆம் தேதி லிட்டில் இந்தியாவில் நடந்த கலவரத்தை விசாரித்த குழு, அதற்குத் துணைபோன காரணங்களில் மதுவும் முக்கியமானது என்று கூறியது. 2015 ஏப்ரல் முதல் இரவு 10.30 மணிக்குப் பிறகு பொது இடங்களில் மது அருந்தத் தடை வந்தது. எங்கே, எப்போது குடிக்கலாகாது என்பதைச் சட்டம் தீர்மானித்துவிட்டது. குடியை நிறுத்த முடியாமல் தவிக்கும் ஓர் ஊழியருடன் யார் உட்கார்ந்து பேசுவது என்ற கேள்வி நம்மிடமே விடப்பட்டது. அவருக்கு ஆங்கிலப் படிவம் பயன்படாது; வேலை அனுமதி பறிபோகுமோ என்ற அச்சத்தில் மேலதிகாரியிடமும் வாய் திறக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை அவர் ஆலயத்துக்கு வருகிறார். அங்கே தமிழில் பேசும், தானும் குடித்து மீண்ட ஓர் அண்ணன் இருந்தால் பேசுவார்.

பெண்களைப் பற்றியும் ஒரு சொல். எங்கள் கூட்டங்களில் தமிழ்ப் பெண்களை நான் அரிதாகவே பார்க்கிறேன். அவர்களிடையே குடியோ சூதாட்டமோ இல்லை என்பது அதற்குப் பொருளன்று. குடிக்கும் ஆணுக்கு நம் சமூகம் அனுதாபமாவது காட்டுகிறது. அந்த நோயைக் கடந்த ஒரு பெண்ணை நீங்கள் இப்பணிக்குத் தேடிக் கண்டடைந்தால், என்னைப் போன்ற பத்து ஆண்களால் எட்ட முடியாத வீடுகளுக்குள் அவர் போவார். கணவரின் குடியோடு பல்லாண்டு வாழ்ந்த மனைவியரின் அனுபவத்துக்கும் இதே மதிப்பு உண்டு.

ஊதியத்தைப் பற்றித் தயங்காமல் சொல்கிறேன். சேவை மனப்பான்மை என்ற பெயரில் இதை இலவச வேலையாக வைத்திருக்காதீர்கள். நள்ளிரவு அழைப்புகளை ஏற்று, மருத்துவமனையில் காத்திருந்து, குடும்பத்தாரைச் சமாதானப்படுத்தும் ஒருவர், பகலில் வேறொரு வேலை பார்த்தே வயிற்றைக் கழுவ வேண்டும் என்றால், அவர் விரைவில் சோர்ந்துபோவார். சோர்வு எங்களை எங்கே கொண்டுபோய்விடும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. அதேபோல், விண்ணப்பப் படிவத்தில் பழைய தண்டனை குறித்த கட்டத்தைப் பார்த்தவுடன் ஒதுக்கிவிடவும் வேண்டாம். வேறு எந்தப் பணிக்கும் தடையாக இருக்கும் அந்தக் கடந்தகாலம், இப்பணிக்குத் தேவைப்படுகிறது.

பெரிய திட்டமாகத் தொடங்க வேண்டியதில்லை. ஓர் ஆலயமோ ஒரு சமூக மன்றமோ, வாரத்தில் ஒரு மாலை ஓர் அறையைத் திறந்து வைத்து, பயிற்சி பெற்ற இருவரை அங்கே அமர்த்தி, மருத்துவச் சேவைகளுடன் முறையான தொடர்பையும் ஏற்படுத்திக் கொடுத்தால் முதல் ஆண்டுக்கு அது போதும். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் சிகிச்சையில் சேர்ந்தார்கள், எத்தனை பேர் தொடர்ந்து வருகிறார்கள் என்பதைப் பெயரின்றிக் குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டு விரிவாக்குவதா என்பதை அதைப் பார்த்து முடிவு செய்யலாம். பயிற்சியைத் தமிழிலும் நடத்த ஏற்பாடு செய்யும்படி தேசிய சமூக சேவை மன்றத்திடம் நீங்கள் ஒன்றாகச் சேர்ந்து கேட்டால், தனியாள் ஒருவர் கேட்பதைவிட அதற்கு மதிப்பிருக்கும். பயிற்சிக்கு வர விரும்புவோர் எங்கள் கூட்டங்களிலேயே இருக்கிறார்கள்.

உங்கள் அடுத்த செயற்குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு பொருளாகச் சேர்க்க வேண்டுகிறேன். புரட்டாசி முடிந்து தீபாவளி வருவதற்குள் உள்ள வாரங்கள் எங்களவர்களுக்கு ஆண்டிலேயே கடினமானவை. அதற்குள் ஓர் அறையாவது திறக்கப்பட வேண்டும். அழைத்தால் எங்களில் சிலர் நேரில் வந்து, நீங்கள் கேட்கத் தயங்கும் கேள்விகள் உட்பட எல்லாவற்றுக்கும் பதில் சொல்லக் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
மதுவிலிருந்து மீண்டு வாழும் ஒருவன்,
சிங்கப்பூர்